மழையில் கிடைத்த மூன்றாம் இடம்

(கோவையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘கார் பந்தய வீரர்’ என்று போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு என் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் கியர்பாக்ஸ் வடிவமைக்கும் வேலை பார்த்தவன். இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன் பக்கம் பதினாறு வருஷம் இருந்தேன். அதில் ஒன்பது வருஷம், சனி ஞாயிறுகளில், சம்பாதித்ததில் ஒரு பகுதியைப் பெட்ரோலாகவும் டயராகவும் கரைத்தேன். அத்தனைக்கும் சேர்த்து என்னிடம் இருப்பது ஒரே ஒரு கோப்பை. மூன்றாம் இடம். இப்போது அதில் பேனா, கத்தரிக்கோல், ஒரு பழைய டெஸ்டர் எல்லாம் குடியிருக்கின்றன.

அது மழையில் கிடைத்த கோப்பை. வெயில் அடித்திருந்தால் நான் அந்த இடத்தின் பக்கத்தில்கூட வந்திருக்க முடியாது. ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். டிவியில் நீங்கள் பார்க்கும் பந்தயம் வேறு. நான் சொல்வது கிளப் பந்தயம். இதில் யாரும் நமக்குச் சம்பளம் தருவதில்லை. பரிசுப் பணமும் கிடையாது. நுழைவுக் கட்டணத்தை நாம்தான் கட்ட வேண்டும். காலையில் பதினைந்து நிமிஷம் தகுதிச் சுற்று, மத்தியானம் இருபது நிமிஷம் பந்தயம், நடுவில் டீ. திங்கட்கிழமை வழக்கம்போல ஆபீஸ். ஊரில் இருந்த அம்மாவுக்கு இதைப் போனில் விளக்கியபோது, “ஏன் கண்ணு, மழையில வண்டி ஓட்டறதுக்குக் காசு வேற குடுத்தயா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஆனால் இந்தப் பைத்தியத்துக்கு வயதும் பரம்பரையும் உண்டு. 750 மோட்டார் கிளப் என்று ஒன்று அங்கே இருக்கிறது. ஆஸ்டின் செவன் என்ற குட்டிக் காரை வைத்திருந்தவர்கள் 1939-இல் ஆரம்பித்தது. அந்தக் காரின் இன்ஜின் 747 சிசி. நம்ம மாருதி 800-ஐவிடச் சின்னது. அதைப் பிரித்து, வெட்டி, ஒட்டிப் பந்தயக் கார் செய்து பழகிய இளைஞர்களில் ஒருவர்தான் பின்னால் லோட்டஸ் கம்பெனியை உருவாக்கிய கோலின் சாப்மன். 1990-களில் ரான் சாம்பியன் என்ற பள்ளி ஆசிரியர், 250 பவுண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே கட்டலாம் என்று புத்தகம் போட்டார். பழைய ஃபோர்டு காரின் உறுப்புகளை வைத்து ஆட்கள் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்தக் கார்களுக்கென்றே ஒரு பந்தயத் தொடரும் வந்தது. அமெரிக்காவில் இதே மாதிரி அமைப்பு 1944-இல் தொடங்கியது. நடிகர் பால் நியூமன் நாற்பத்தேழு வயதில் அங்கேதான் முதல் பந்தயம் ஓட்டினார். பிறகு நான்கு முறை தேசிய அளவில் அமெச்சூர் பட்டம் வாங்கினார். முன் வரிசையில் நரைத்த தலைகள் நிறைய தெரிவதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

என் கார் ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5. 1600 சிசி, பின்சக்கர இயக்கம். அதிலும் பாதிதான் எனக்குச் சொந்தம். மறுபாதி ஒரு பிளம்பருடையது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒரு பந்தயம் அவர் ஓட்டுவார், அடுத்தது நான். உரிமம் வாங்கிய புதிதில் காரின் பின்னால் மஞ்சள் சதுரத்தில் கறுப்பாக ஒரு பெருக்கல் குறி ஒட்ட வேண்டும். ‘இவன் புதுசு, தள்ளிப் போ’ என்று பொருள். நம்ம ஊர் ‘எல்’ போர்டுக்குப் பெரியப்பா. அந்தக் குறியை நான் எடுப்பதற்குள் மூன்று முறை புல்லில் உழுதிருந்தேன். மூன்றும் ஈரத்தில்.

புதியவன் மழையில் செய்யும் தப்பு விசித்திரமானது. வளைவில் தேவைக்கு மேல் பயப்படுவான். பிரேக்கில் தேவையான அளவு பயப்பட மாட்டான். கணக்குப் போட்டால் ஏன் என்று தெரியும். வளைவில் போகக்கூடிய வேகம், சாலைப் பிடிப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஈரத்தில் பிடிப்பு மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று வையுங்கள். வேகமும் மூன்றில் ஒரு பங்கு குறைய வேண்டியதில்லை. நூறில் எடுத்த வளைவை எண்பதில் தாராளமாக எடுக்கலாம். ஆனால் நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் நேராக ஒன்றரை மடங்காகிவிடும். மனசு இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறது. நேர்பாதையில் கார் நிம்மதியாக ஓடுவதால், வழக்கமான இடம் வரைக்கும் வந்துதான் பிரேக்கை மிதிக்கிறோம். அப்புறம் மிதித்து என்ன?

மழையில் ஓட்டும் பாடத்தின் முதல் பாதியை எனக்குச் சொல்லித் தந்தவர் எந்தப் பந்தயக்காரரும் இல்லை, என் தாய்மாமா. வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குத் தேயிலை லாரி ஓட்டினார். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். உங்களில் பாதிப் பேர் அங்கே வாந்தி எடுத்திருப்பீர்கள். மாமா கொட்டும் மழைக்குப் பயப்பட மாட்டார். கோடைக்குப் பிறகு வரும் முதல் தூறலுக்குத்தான் பயப்படுவார். “பெருமழை ரோட்டக் கழுவிரும் மாப்ளே. தூறல் இருக்கே, அது ரோட்டுக்கு எண்ண தேய்ச்சு உட்டுரும்” என்பார். மாசக்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கொஞ்சூண்டு தண்ணீரோடு சேர்ந்து கூழாகி நிற்கும் அந்த அரைமணி நேரத்தைப் பற்றிச் சொல்கிறார். வைப்பர் வேலை செய்யாவிட்டால் முன்கண்ணாடியில் புகையிலையைக் கசக்கித் தேய்ப்பார். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் வழிந்துவிடும். இங்கிலாந்தில் அதே வேலைக்கு உருளைக்கிழங்கை வெட்டித் தேய்க்கிற கிழவர்களைப் பார்த்தேன். மாமாவின் ஞாபகம் வந்தது.

மாமாவுக்குத் தெரியாத மறுபாதி ஒன்று பந்தயத் தடத்தில் இருக்கிறது. இன்றைய பேச்சின் உயிரே அதுதான்.

வறண்ட நாளில் எல்லாக் கார்களும் வளைவில் ஒரே கோட்டில்தான் போகும். வெளி ஓரத்திலிருந்து உள்ளே இறங்கி, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளியே விரியும் கோடு. அதை நாங்கள் ‘லைன்’ என்போம். புதியவன் முதல் வருஷம் முழுக்க அந்த லைனைத்தான் மனப்பாடம் செய்கிறான். வருஷக்கணக்கில் ஆயிரக்கணக்கான கார்கள் அதே கோட்டில் ரப்பரைத் தேய்த்துவிட்டுப் போகின்றன. ரப்பர் சாலையின் நுண்ணிய சொரசொரப்புகளில் போய் அடைகிறது. கற்களின் முனையும் மழுங்குகிறது. காய்ந்திருக்கும்வரை ரப்பர்மேல் ரப்பர் ஒட்டும், அருமையான பிடிப்பு. தண்ணீர் விழட்டும், அது கொத்தாத அம்மி. என்ன அரைத்தாலும் வழுக்கும். பிடிப்பு எங்கே இருக்கிறது என்றால், யாருமே போகாத இடத்தில். லைனுக்கு ஒரு கார் அகலம் தள்ளி, வெளிப்பக்கமாக, கொத்திய அம்மி போலச் சொரசொரவென்று சாலை அப்படியே கிடக்கிறது.

ஆகவே மழையில் வளைவின் வெளிவட்டத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். தூரம் அதிகம்தான். பார்ப்பவர்களுக்கு வழி தவறிப் போகிறவன் மாதிரி இருக்கும். வேகமாகப் போவது அவன்தான். பளபளப்பான ரப்பர்க் கோட்டைத் தாண்டியே ஆக வேண்டிய இடத்தில், ஸ்டீயரிங்கை நேராக்கிக்கொண்டு, ரயில்வே கேட்டைக் கடப்பதுபோல் குறுக்கே வெட்டிப் போய்விட வேண்டும். அதன்மேல் நின்றுகொண்டு பிரேக்கோ, ஆக்சிலரேட்டரோ, திருப்பமோ கூடாது. வெள்ளைப் பெயின்ட் கோடுகளும், சிவப்பு வெள்ளை அடித்த ஓரக் கற்களும் இதைவிட மோசம். வெயிலில் எல்லோரும் ஆசையாக ஏறி இறங்கும் கல், மழையில் சோப்புக்கட்டி.

நான் அதிகம் ஓட்டிய இடம் கென்ட் மாவட்டத்தில் உள்ள பிரான்ட்ஸ் ஹாட்ச். அதன் சின்னச் சுற்று இரண்டு கிலோமீட்டர்கூட வராது. எங்கள் கார் ஒரு நிமிஷ வாக்கில் சுற்றி வந்துவிடும். ஆனால் அந்தப் பாதை தட்டையான தடமில்லை. மேட்டிலும் பள்ளத்திலும் புரளும் ஒரு கிண்ணம். முதல் வளைவின் பெயர் பேடாக் ஹில். வலதுபக்கம் திரும்பும். திரும்பும்போதே சாலை காலுக்குக் கீழிருந்து சரிந்து இறங்கும். உள்ளே நுழையும்வரை வளைவின் முடிவு கண்ணில் படாது. அங்கிருந்து மேடேறினால் ட்ரூயிட்ஸ் என்ற கொண்டை ஊசி. மறுபடி இறக்கம், இடது வளைவு, நேர்பாதை, இப்படி.

இதே தடத்தின் பெரிய சுற்றில்தான் 1970 ஏப்ரலில் மெக்சிகோக்காரர் பெத்ரோ ரோட்ரிகஸ் போர்ஷே 917-ஐ ஓட்டினார். ஆயிரம் கிலோமீட்டர் பந்தயம். சட்டி சட்டியாக மழை. அந்தக் கார் காய்ந்த சாலையிலேயே பேயாக ஓடும் ஜாதி. முந்தக்கூடாது என்று மஞ்சள் கொடி காட்டிய இடத்தில் முந்திவிட்டார் என்று தொடக்கத்திலேயே அவரை உள்ளே கூப்பிட்டு, கதவைத் திறந்து, அதிகாரி ஒருவர் திட்டித் தீர்த்தார். கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனவர், கடைசியில் ஐந்து சுற்று முன்னால் வந்து ஜெயித்தார். நான் அந்தத் தடத்தின் ஓரத்தில் குடையோடு நின்ற ஒவ்வொரு முறையும் அந்த ஐந்து சுற்றை நினைத்துக்கொள்வேன். அதே மழை, அதே சாலை. மற்றவர்கள் தொடாத எதையோ அந்த ஆள் தொட்டிருக்கிறார்.

என் கூட்டாளி மழையைப் பிளம்பர் கண்ணால் பார்த்தார். நான் பந்தயம் ஓட்ட வேண்டிய நாளில் மழை வந்தால், எங்கள் முறைக்கு முந்தைய பந்தயங்களில் அவர் வேலி ஓரமாக நடந்துகொண்டே இருப்பார். கார்களைப் பார்க்க மாட்டார், தண்ணீரைப் பார்ப்பார். எந்த இடத்தில் சாலைக்குக் குறுக்கே ஓடை போகிறது, எங்கே குட்டை கட்டுகிறது, எங்கே டயரிலிருந்து எழும் சாரல் திடீரென்று உயரமாகிறது என்று சிகரெட் அட்டையின் பின்னால் கிறுக்கிக்கொண்டு வருவார். அவர் எனக்குத் தந்த ஒரே விதி: சாலை மின்னினால் விலகு, மங்கலாக இருந்தால் போ.

குட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. டயரின் பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளும்வரை ரப்பர் சாலையைத் தொடுகிறது. தள்ள முடியாத அளவு தண்ணீர் வந்தால் டயர் அதன்மேல் ஏறி மிதக்கிறது. ஈர ஓடுதளத்தில் விமானங்கள் ஏன் சறுக்குகின்றன என்று 1960-களில் நாசா ஆராய்ந்தபோது ஒரு எளிய சூத்திரம் கிடைத்தது. டயரின் காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ அளவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்குங்கள். வரும் விடைதான் மிதக்கத் தொடங்கும் வேகம், நாட் கணக்கில். 36 பிஎஸ்ஐ என்றால் 54 நாட். மணிக்கு 100 கிலோமீட்டர். 25 பிஎஸ்ஐ என்றால் 83 கிலோமீட்டர்தான். நல்ல பள்ளமுள்ள புது டயர், ஆழம் குறைந்த தண்ணீர் என்றால் இன்னும் தாக்குப்பிடிக்கும். ஆனால் பைபாஸில் நூற்றிருபதில் மழையோடு போகும் மருமகன் யாருக்காவது இந்தக் கணக்கைச் சொல்லி வையுங்கள். மிதக்கும்போது ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி லேசாகிவிடும். அந்த லேசு கைக்குத் தெரிந்தால், எதையும் செய்யாமல் இருப்பதுதான் செய்ய வேண்டியது. கால் மெதுவாக எழ வேண்டும், அவ்வளவே.

தொழில்முறைக்காரர்களுக்கும் இதில் சலுகை இல்லை. சில்வர்ஸ்டோன் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானதளம், நம்ம சோழவரம் மாதிரி. மேடு பள்ளம் இல்லாத சமவெளி. 1975-இல் அங்கே நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் ப்ரியின் கடைசிக் கட்டத்தில் தடத்தின் ஒரு பகுதியில் மட்டும் மழை கொட்டியது. வழவழப்பான ஸ்லிக் டயரில் வந்துகொண்டிருந்த உலகத்தரமான ஓட்டுநர்கள், கிளப் என்ற வளைவில் ஒருவர்பின் ஒருவராக வலைவேலிக்குள் போய் விழுந்தார்கள். பந்தயத்தை அங்கேயே நிறுத்தி, எமர்சன் ஃபிட்டிபால்டி ஜெயித்ததாக அறிவிக்க வேண்டியதாயிற்று.

மழை ஏழை பணக்காரன் வித்தியாசத்தை அழித்துவிடுகிறது என்று பந்தயக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கால்வாசி பொய். இன்ஜின் பலம் மழையில் அவ்வளவாக உதவாது, உண்மைதான். கூடுதல் பலத்தைச் சாலையில் இறக்க முடியாது. ஆனால் வசதியுள்ளவன் வறண்ட நாளுக்குப் பள்ளத்தைச் சீவிக் குறைத்த ஒரு செட் டயரும், ஈரத்துக்கு முழுப் பள்ளத்தோடு இன்னொரு செட்டும் வேனில் வைத்திருப்பான். எங்களிடம் இருந்தது ஒரே செட். கோப்பை வாங்கிய அன்றைக்கு அது மூன்று வாரம்கூட ஓடாத புது டயர். பழையதை மாற்றக் காசில்லாமல் தள்ளிப்போட்டு, வேறு வழியில்லாமல் அந்த மாதம்தான் வாங்கியிருந்தோம். அதிர்ஷ்டம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது.

அன்றைக்கு நான் பதினோராவது இடத்திலிருந்து கிளம்பினேன். ஹெல்மெட்டுக்குள் என் மூச்சே கண்ணாடியை மூடியது. முதல் கியரில் கிளம்பினால் பின்சக்கரம் சும்மா சுழலும் என்று இரண்டாம் கியரில் கிளட்சைக் கெஞ்சி விட்டேன். முன்னால் பத்துக் கார்களின் சாரல். வெள்ளைச் சுவர். அதற்குள் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள். முன்னால் பார்த்துப் பயனில்லை என்பதால் பக்கவாட்டில், தடத்தின் ஓரத்தில் காவல் நிற்கும் மார்ஷல்களின் ஆரஞ்சு உடையைப் பார்த்து, எங்கே இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன். பேடாக் ஹில்லில் எல்லோரும் பழக்கதோஷத்தில் உள்பக்கம் இறங்கினார்கள். சிகரெட் அட்டையில் எழுதியிருந்தபடி நான் வெளிப்பக்கமாகவே போனேன். உள்ளே இரண்டு கார்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே மெதுவாக, மிக மெதுவாகச் சுழன்றன. கல்யாணப் பந்தலில் குழந்தைகள் சுற்றுவதுபோல. ட்ரூயிட்ஸில் வெளிவட்டம் முழுக்கச் சுற்றி இன்னும் இரண்டு பேரைக் கடந்தேன். காரை வேகமாக ஓட்டுகிற உணர்வே இல்லை. மடியில் நிறைசெம்பு வைத்துக்கொண்டு ஓட்டுகிற மாதிரி இருந்தது. எட்டாவது சுற்றில் மூன்றாம் இடம்.

அப்போது மழை நின்றது.

நான் வேண்டிக்கொண்டதெல்லாம் அது நிற்கக்கூடாது என்றுதான். கார்கள் ஓட ஓடச் சாலையில் ஒரு காய்ந்த கோடு தெரியத் தொடங்கியது. அதே பழைய லைன். எனக்குப் பின்னால் வந்த பையன் நல்ல ஓட்டுநர். இருபது வயதுகூட இருக்காது. கோடு காயக் காயச் சுற்றுக்கு ஒரு வினாடி நெருங்கினான். நானும் லைனுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆனால் எப்போது? ஒரு வளைவில் காய்ந்திருக்கிறது, மரத்தடி வளைவில் ஈரம். கொடி விழும்போது அவன் முன்சக்கரம் என் கதவுக்கு நேராக இருந்தது. இன்னும் ஒரு சுற்று மிச்சமிருந்தால் நான் நான்காவது.

அடுத்த வருஷம், அதே தடம், அதே மழை. நான் இப்போது மழை நிபுணன் அல்லவா? மூன்றாவது சுற்றிலேயே பேடாக் ஹில்லில் பின்சக்கரம் வெள்ளைக்கோட்டில் ஏறியது. கார் இரண்டு முறை சுற்றி, சரளைக்கல் குழியில் வயிறு வரை புதைந்தது. நான் மூச்சுவிடுவதற்குள் ஆரஞ்சு உடையில் இரண்டு பேர் ஜன்னலில். ஒருவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். காலை ஏழு மணியிலிருந்து மழையில் நிற்கிறார். மார்ஷல்களுக்கும் சம்பளம் கிடையாது. என் பெயரைக் கேட்டார், இன்று என்ன கிழமை என்று கேட்டார். ஞாயிறு என்றேன். சனி என்று திருத்திவிட்டு, தடுப்புக்குப் பின்னால் கூட்டிப்போய் அவருடைய ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

விபத்தானதும் ஆட்கள் ஓடிவரும் இந்த ஏற்பாடு தானாக வந்ததில்லை. 1966-இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில், முதல் சுற்றிலேயே மழைக்குள் நுழைந்து ஜாக்கி ஸ்டுவர்ட்டின் கார் சிதைந்தது. பெட்ரோல் கசிந்து உடம்பை நனைக்க, உள்ளே மாட்டிக்கொண்டார். வெளியே எடுக்க ஆளும் இல்லை, கருவியும் இல்லை. சக ஓட்டுநர்கள் கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்ட்டும், வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடம் ஸ்பேனர் கடன் வாங்கித்தான் அவரை மீட்டார்கள். அதன்பிறகு ஸ்டுவர்ட் தன் காரிலேயே ஒரு ஸ்பேனரை ஒட்டி வைத்துக்கொண்டார். மருத்துவ வசதி, தடுப்பு, சீட் பெல்ட் என்று வருஷக்கணக்கில் சண்டை போட்டார். கோழை என்று பேசியவர்களும் உண்டு. அதே மனிதர் 1968-இல் நூர்பர்க்ரிங் தடத்தில், மழையிலும் மூடுபனியிலும், எலும்பு முறிந்த மணிக்கட்டோடு நான்கு நிமிஷத்துக்கு மேல் முன்னால் வந்தார். வினாடிக் கணக்கில்லை, நிமிஷம்.

கோப்பை வாங்கிய அன்று இரவு வீட்டுக்குத் திரும்பியதைச் சொல்லி முடிக்கிறேன். பின்னால் டிரெய்லரில் பந்தயக் கார். பிளம்பர் வேனை ஓட்டினார். மடியில் கோப்பையோடு நான் பக்கத்தில். எம்25 நெடுஞ்சாலையில் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. லாரிகளின் சாரலில் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. அவர் நிதானமாக எண்பதில் போய்க்கொண்டிருந்தார். சாலை மின்னிய ஓர் இடத்தில் என் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை. அவர் அதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போனார். டார்ட்ஃபோர்ட் சுரங்கப்பாதையைத் தாண்டும்வரை நான் காலை எடுக்கவில்லை.